ஊருக்கு வரும் திட்டத்திடம் வேலையும் கணக்கும் கேட்பது எப்படி

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் எல்லையில் தொழிற்பூங்காவோ சுரங்கமோ நான்குவழிச் சாலையோ வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் இளைஞர்கள் முதலில் கேட்பது வேலை. சில ஆண்டுகள் கழித்துக் கேட்பது கணக்கு. இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் வாய்ச்சொல்தான் பதிலாக வருகிறது. "உள்ளூர் ஆட்களுக்கே முன்னுரிமை" என்று கூட்டத்தில் சொன்ன அதிகாரி மாறுதலாகிப் போகிறார், அதைக் கேட்டுக் கைதட்டிய தலைமுறையினர் வாயிற்காவலுக்கும் துப்புரவுக்கும் ஒப்பந்தக்காரர் வழியாகத் தினக்கூலிகளாகச் சேர்கிறார்கள். எழுத்தில் கடமைப்பட்டவர் யார் என்று கண்டறிந்து, அவரிடம் எழுத்தில், உரிய காலத்துக்குள் கேட்டால் நிலைமை ஓரளவாவது மாறும். அதற்கான வழிமுறையை, சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிரிக்கிறது என்ற வேறுபாட்டோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில், திட்டம் யாருடையது?

மனு எழுதுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. ஊராட்சிச் சாலை, மேல்நிலைத் தொட்டி, வாய்க்கால் தூர்வாரல் போன்றவற்றுக்கு ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். தொழிற்பூங்கா என்றால் நிலத்தைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்து ஒதுக்கும் சிப்காட் நிறுவனமும், மாவட்ட வருவாய் நிர்வாகமும், மனை பெற்ற தனியார் நிறுவனமும் ஆகிய மூவர். தேசிய நெடுஞ்சாலை, நிலக்கரி, எண்ணெய், துறைமுகம் ஆகியவற்றில் ஒன்றிய அரசின் அமைப்புகள் வருகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லா மனுக்களையும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுத்துக்கொண்டிருந்தால், அவை துறைக்குத் துறை அனுப்பப்பட்டு, கடைசியில் "நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

நிலம் எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது என்பதையும் கையோடு தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டமா, தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டமா, 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டமா, அல்லது 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமா என்பது அரசிதழ் அறிவிக்கையின் முதல் பத்தியிலேயே இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமோ நிலமெடுப்புத் தனி வட்டாட்சியரிடமோ அதன் நகலைக் கேட்டுப் பெறலாம்.

வேலையைப் பற்றிச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

"எங்கள் ஊர்க்காரர்களுக்கே முக்கால் பங்கு வேலை" என்ற முழக்கம் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் அத்தகைய சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லை. ஹரியானா மாநிலம் தனியார் துறையில் 75 விழுக்காட்டை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கி 2020-இல் சட்டம் இயற்றியது. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அது அரசமைப்புக்கு முரணானது என்று கூறி நீக்கியது. எனவே விழுக்காட்டுக் கோரிக்கையை மட்டும் நம்பி நிற்பவர்கள் நீதிமன்றத்தின் வாசலில் வெறுங்கையோடு நிற்க நேரும். அதைவிடப் பலமான பிடிகள் வேறு உள்ளன.

அவற்றில் முதன்மையானது 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்பு, மறுவாழ்வு, மீள்குடியமர்வுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. திட்டத்தால் வேலைகள் உருவாகுமானால், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் குறைந்தது ஒருவருக்குத் தகுந்த பயிற்சி அளித்து, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத சம்பளத்தில் அத்திட்டத்திலோ வேறொன்றிலோ வேலை, அல்லது குடும்பத்துக்கு ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல், விலைவாசிக் குறியீட்டோடு உயரும் ஆண்டுத்தொகை ஆகிய மூன்று வாய்ப்புகளை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறுவது, "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதில் பட்டாதாரர் மட்டுமன்றி, நிலமெடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகளாக அந்தப் பகுதியில் உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் அடங்குவர் என்பதாகும். பெயர்ப்பட்டியல் எடுக்கப்படும் நேரத்தில் நிலமற்ற குடும்பங்கள் விடுபட்டுப்போவதே வழக்கம் என்பதால், அந்தப் பட்டியல் வெளியான வாரத்திலேயே தெருத் தெருவாகச் சென்று அதைச் சரிபார்த்து, விடுபட்டவர்களுக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வைப்பது இளைஞர் குழு செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சிப்காட் போன்ற தொழில் திட்டங்களுக்கு நிலம் பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது. அச்சட்டத்தை உயிர்ப்பித்து 2019-இல் இயற்றப்பட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஒன்றியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு இவ்வழியில் இல்லாமல் போகிறது. ஆயினும் இழப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றுக்கான அட்டவணைகளின் பயன் இந்தச் சட்டத்தின்கீழ் நிலம் இழப்போருக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆகவே மனுவில் "வேலை தாருங்கள்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "இரண்டாம் அட்டவணையின்படி எங்கள் கிராமத்தில் எத்தனை குடும்பங்களுக்கு எந்த வாய்ப்பு அளிக்கப்பட்டது, அதற்கான மறுவாழ்வுத் தீர்வாணை எந்தத் தேதியிடப்பட்டது" என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால் ஒரு கோப்பைத் திறக்காமல் பதில் எழுத முடியாது.

நேரடி விலை பேசி நிலத்தைக் கிரயம் செய்து கொடுக்கச் சொன்னால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. பத்திரத்திலோ தனி ஒப்பந்தத்திலோ எழுதப்படாத வேலை வாக்குறுதியைப் பின்னால் மெய்ப்பிப்பது மிகக் கடினம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் நிரந்தர வேலைக் கோரிக்கை தலைமுறை தாண்டியும் போராட்டமாகவே தொடர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலம் இழக்காத குடும்பத்து இளைஞர்களுக்கு இருப்பவை இன்னும் மெல்லிய பிடிகள், ஆனால் பயனற்றவை அல்ல. முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழில் பழகுநர்களை (அப்ரண்டிஸ்) ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உள்ள கடமை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை, 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. அந்த அலுவலகத்தில் பதிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றாலும், நிறுவனம் காலியிடங்களைத் தெரிவித்ததா என்று கேட்கும் உரிமை இருக்கிறது. பழகுநராகச் சேர்ந்து ஓராண்டு முடித்தவரை வெளியே அனுப்பிவிட்டு வேறொருவரை எடுப்பது நிறுவனத்துக்கு நட்டம் என்பதால், ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்களில் நான் முதலில் பரிந்துரைப்பது இந்தக் கோரிக்கையைத்தான்.

கேட்பதற்கு முன் ஊரின் கணக்கு தயாராக இருக்க வேண்டும். பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், யார் வெல்டர், யார் பிட்டர், யாரிடம் கனரக வாகன உரிமம் உள்ளது, எத்தனை பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போகத் தயார், அவர்களுக்குப் பேருந்து எந்த நேரத்தில் தேவை என்ற பட்டியல் ஒரு நோட்டில் இருந்தால், "தகுதியான ஆள் உள்ளூரில் கிடைக்கவில்லை" என்ற வழக்கமான பதில் அங்கேயே அடைபடும்.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்

வேலை, தண்ணீர், தூசி, சாலை என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவுசெய்ய இதைவிடச் சிறந்த வாய்ப்பு வேறில்லை. இதைவிட அதிகமாக வீணடிக்கப்படும் வாய்ப்பும் வேறில்லை. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திட்டப் பகுதியிலோ அதன் அருகிலோ கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவருக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கையும் தமிழிலான சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும்.

அந்த 30 நாளும் எப்படிச் செலவிடப்படுகின்றன என்பதில்தான் கூட்டத்தின் பலன் அடங்கியுள்ளது. அறிக்கையில் வேலைவாய்ப்பு என்ற பகுதி கட்டாயம் இருக்கும். கட்டுமானக் காலத்தில் எத்தனை பேர், இயங்கும் காலத்தில் எத்தனை பேர் என்று இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். பெரிய எண் கட்டுமானக் காலத்துக்குரியது, அது இரண்டு மூன்று ஆண்டுகளில் கரைந்துவிடும். நேரடி வேலையையும் மறைமுக வேலையையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டியிருந்தால் அதைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பின்பு ஒவ்வொருவரும் ஒரே கேள்வியை மட்டும் எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வாரியத்தின் முத்திரையோடு திரும்பப் பெறுங்கள். இருபது பேர் ஒரே முழக்கத்தை இருபது முறை சொன்னால் நடவடிக்கைக் குறிப்பில் அது "உள்ளூர் மக்கள் வேலைவாய்ப்புக் கோரினர்" என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இருபது தனித்தனிக் கேள்விகளை அப்படிச் சுருக்க இயலாது, ஏனெனில் எழுப்பப்பட்ட ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனத்தின் பதில் அறிக்கையில் இணைக்கப்பட வேண்டும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற நிபந்தனை கிடையாது. எனவே கூட்டத்தைப் புறக்கணித்து வெளியேறுவது பல சமயம் எதிர்த்தரப்புக்கே வசதியாகிவிடுகிறது என்பது என் கருத்து. எதிர்ப்பைப் பதிவுசெய்த பிறகும் இறுதிவரை உட்கார்ந்திருப்பதே நல்லது. முடிவில் நடவடிக்கைச் சுருக்கம் தமிழில் படித்துக்காட்டப்பட வேண்டும். அப்போது விடுபட்டதை எழுந்து சொல்லிச் சேர்க்கச் செய்யலாம். கூட்டம் காணொளியாகப் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பதும் விதி. ஆயினும் ஊர்க்காரர் ஒருவரும் தனியே பதிவுசெய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைகளுக்கும், கூடுதல் நிலம் எடுக்காத சாலை விரிவாக்கங்களுக்கும் இக்கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே பூங்காவுக்கான கூட்டத்தைத் தவறவிட்டவர்கள், பின்னால் வரும் ஒவ்வோர் ஆலைக்கும் கூட்டம் நடக்கும் என்று காத்திருக்கக் கூடாது. அனுமதி வழங்கப்பட்டபின் அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

கோப்பைத் திறக்க வைக்கும் விண்ணப்பம்

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கு அஞ்சல் ஆணை எடுக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் பெயரில் அனுப்பாமல் ஒரு தனிநபரின் பெயரில் அனுப்புவதே பாதுகாப்பு. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது குறையாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் வழக்கு நீண்டுகொண்டே போகலாம் என்பதால், முதல் மேல்முறையீட்டிலேயே காரியம் முடியும்படி கேள்வியை அமைப்பதுதான் திறமை.

"ஏன்", "எப்படி" என்று தொடங்கும் கேள்விகள் விளக்கம் கோருகின்றன. இச்சட்டம் தருவது விளக்கத்தை அல்ல, ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஆவணத்தை. "எங்கள் ஊர் இளைஞர்களுக்கு ஏன் வேலை தரவில்லை" என்று எழுதினால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். மாறாக இவ்வாறு எழுதுங்கள்: "மேற்படி தொழிற்பூங்காவில் மனை ஒதுக்கீடு பெற்ற நிறுவனங்களின் பட்டியல், ஒவ்வொரு நிறுவனத்தின் ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள வேலைவாய்ப்புத் தொடர்பான நிபந்தனைகளின் நகல், அந்த நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டனவா என ஆய்வு செய்த அறிக்கைகளின் நகல், நிபந்தனையை மீறிய நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்புகளின் நகல்." அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து சலுகை பெற்ற நிறுவனம் என்றால், அது உறுதியளித்த வேலைகளின் எண்ணிக்கையையும் கால வரம்பையும் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால், வேலை எண்ணிக்கை ரகசியமல்ல என்றும், பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தரலாம் என்று எட்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது என்றும் மேல்முறையீட்டில் எழுதலாம்.

பணியாளர்களின் பெயர், முகவரி, சம்பளம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்ற விலக்கு இப்போது முன்பைவிட இறுக்கமாக்கப்பட்டுள்ளது. அதோடு, நாளை உங்கள் பெயரும் அதே பட்டியலில் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் நோக்கம் நிறைவேறிவிடும். தனியார் நிறுவனம் நேரடியாக இச்சட்டத்தின்கீழ் வராது என்றாலும், அது அரசுத் துறைக்கு அளித்த ஆவணங்களை அந்தத் துறையிடம் பெறலாம். ஒப்பந்தக்காரர்களின் உரிமம், அவர்கள் எத்தனை தொழிலாளர்களுக்கு உரிமம் பெற்றுள்ளனர் என்ற விவரம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கிடைக்கும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம், நிபந்தனைகளைக் கடைப்பிடித்தது பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அதைப் படித்துவிட்டு நேரில் போய்ப் பார்த்தால் காகிதத்தில் மட்டுமே வளர்ந்திருக்கும் மரங்களை எண்ணிவிடலாம்.

சாலை, தொட்டி போன்ற சிறு பணிகளில் கேட்க வேண்டியவை வேறு: மதிப்பீடு, பணி ஆணை, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டுவாடா விவரம் ஆகிய நான்கு. சட்டத்தின் இரண்டாம் பிரிவு பணியை நேரில் ஆய்வுசெய்யவும் பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, ஊராட்சிப் பணிகளின் வருகைப்பதிவேட்டையும் ரசீதுகளையும் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டியது. பட்டியலில் பெயர் இருந்தவர்கள் எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்றார்கள். 1994 டிசம்பரில் தொடங்கிய அந்தக் கூட்டங்கள்தான் பின்னர் நாடு தழுவிய தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. பெற்ற ஆவணத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நிறுத்தாமல், இப்படிச் சத்தமாகப் படிப்பது இன்றும் பலிக்கிறது.

கிராம சபையில் தீர்மானம்

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மார்ச் 22, மே 1, விடுதலை நாள், அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் கூட்டம் நடந்தாக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் பொருளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்னால் தீர்மானம் எழுதும் பழக்கம் பல ஊர்களில் உண்டு.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். "வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடிந்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும்: "மேற்படி திட்டத்தில் கடந்த நிதியாண்டில் சேர்க்கப்பட்ட நேரடிப் பணியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், தொழில் பழகுநர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை வட்ட வாரியாகத் திட்ட நிர்வாகத்திடமிருந்து பெற்று, அடுத்த கிராம சபைக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் வெளியிடுமாறு மாவட்ட ஆட்சியரை இச்சபை கோருகிறது."

தீர்மானம் திட்டத்தை நிறுத்திவிடும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் சுரங்கத்தை மறுத்ததும் அது நின்றது. அதற்கு வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பின்னணியில் இருந்தன. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியும், அதனால் மட்டும் திட்டம் நிற்கவில்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்குரிய தனி அதிகாரமும் இங்கே கிடையாது. இருந்தாலும், பின்னாளில் நீதிமன்றத்தில் "அப்போதே சொன்னோம்" என்று காட்ட அது சான்றாகும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு

ஊர் இளைஞர்கள் ஒப்பந்தக்காரரிடம் சேர்க்கப்பட்டதும் பலர் போராட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஊதியச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், ஈட்டுறுதி (இ.எஸ்.ஐ.) அட்டை ஆகிய மூன்றும் முதல் மாதத்திலேயே கைக்கு வர வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு ஈட்டுறுதிப் பாதுகாப்பு உண்டு. பிடித்த தொகை கட்டப்பட்டதா என்பதை ஒவ்வொருவரும் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒப்பந்தக்காரர் கூலியைத் தராமல் ஓடிவிட்டால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே எந்த ஆலைக்குள் எந்தத் தேதிகளில் வேலை செய்தோம் என்பதற்கான நுழைவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். இந்தப் பணத்தில் வேலை கிடைக்காது, பயிற்சிக் கூடம் கிடைக்கலாம். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை வாங்கும் ஊர் அதைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். சுரங்கம் உள்ள மாவட்டங்களில் 2015-க்குப் பின் அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியையும் திறன் பயிற்சிக்குக் கேட்கலாம்.

குழுவுக்குள் இருக்க வேண்டிய ஒழுங்கு

இத்தகைய குழுக்கள் பலவும் வெளியிலிருந்து உடைக்கப்படுவதற்கு முன்பே உள்ளிருந்து விலைபோகின்றன. பழைய இரும்பு எடுக்கும் ஒப்பந்தம், தண்ணீர் லாரி, கேண்டீன், ஆள் அனுப்பும் ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று முன்னணியில் நின்றவருக்குப் போனதும் மற்றவர்களின் கோரிக்கை மடிந்துவிடுகிறது. எனவே குழுவில் உள்ளவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ திட்டத்தோடு வணிகம் செய்தால் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிடுங்கள். ஊர்த்தெருவும் காலனியும் சேர்ந்தே பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளின் பெயர் மட்டும் இருக்கும் பட்டியலை எந்த நிர்வாகமும் எளிதாகப் பிளந்துவிடும். பெண்களின் பெயர் தனி ஏட்டில் இல்லாமல் அதே ஏட்டில் வரிசையாக வரட்டும்.

போராட்டம் தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு, மறுத்தால் மறுப்பாணையை எழுத்தில் பெற்று, உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள். ஆலை வாசலை மறித்து வழக்கு வாங்கிக்கொண்டால், அரசுப் பணித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பையனுக்கும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தவனுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பின்போது அது எதிரே வந்து நிற்கும். முன்வரிசையில் யார் நிற்கலாம் என்பதை இதை எண்ணியே முடிவுசெய்யுங்கள்.

எல்லா மனுக்களின் நகல்களையும், தபால் ரசீதுகளையும், பதில்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கி, இன்னொரு பிரதியை ஊரைவிட்டு வெளியே வேலைக்குப் போகாத ஒருவரிடம் ஒப்படையுங்கள். முதல் பக்கத்தில் அடுத்த மேல்முறையீட்டின் கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.